வலது தோளைச் சொன்னது யார்

படுக்கையறைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவிலிருந்து ஒரு ரப்பர் பட்டையின் முடிச்சு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு மனைவி பட்டையை இழுத்துக்கொண்டிருந்தாள். முடிச்சு இறுகுவதும் தளர்வதுமாக இருந்தது. கையில் டீயுடன் கணவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"டீ ஆறுது."

"ஆறட்டும். இன்னும் கொஞ்சம் இழுக்கணும்."

"கதவு என்ன பாவம் பண்ணுச்சு? கீல் கழண்டு வந்தா நான்தான் மாட்டணும்."

"ஊர்ல இருக்கிற லிப்டை எல்லாம் மாட்டுறீங்க. வீட்டுக் கீலை மாட்ட மாட்டீங்களா?"

அவன் பதில் சொல்லவில்லை. வழக்கமாகச் சொல்வான். லிப்ட் மெக்கானிக்குகளுக்கு வாய் நீளம். இருட்டுக் குழிக்குள் இருந்துகொண்டு மேல் மாடியில் நிற்பவனிடம் கத்திப் பேசியே பழகியவர்கள். இன்றைக்கு அவன் பேசாமல் நின்றது அவளுக்கு உறுத்தியது.

நேற்றிலிருந்து அவளுக்கு எல்லாமே உறுத்தியது.

நேற்று மாலை விமானக் கம்பெனியிலிருந்து மேனேஜர் போன் செய்திருந்தார். நல்ல மனிதர்தான். கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும் குரலில் தேன் தடவிக்கொள்வார்.

"உங்க வலது தோளைப் பத்தி ஒரு தகவல் வந்திருக்கும்மா. தூக்கத்துலகூட அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியலையாமே. நாளைக்கு மெடிக்கல் வந்துடுங்க. அதுவரைக்கும் ஃபிளைட் வேண்டாம்."

"யார் சொன்னது சார்?"

"அதை நான் சொல்லக் கூடாதும்மா."

தோளில் கோளாறு இருப்பது உண்மை. போன மழைக்காலத்தில் நடுவானத்தில் விமானம் ஒரு குலுக்கு குலுக்கியது. சாப்பாட்டு ட்ராலி நடைபாதையில் பயணிகளை நோக்கி உருண்டது. வலது கையால் எட்டிப் பிடித்தாள். ட்ராலி நின்றுவிட்டது. தோளுக்குள் ஏதோ ஒன்று நிற்கவில்லை, நழுவிப் போனது. அன்றிலிருந்து வலி.

கம்பெனியில் சொல்லவில்லை. சொன்னால் தரைக்கு இறக்குவார்கள். கவுன்ட்டரில் நின்று பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டலாம். அவள் வயதில் அப்படி இறங்கியவர்கள் யாரும் திரும்ப மேலே ஏறியதில்லை. அவள் பணிப்பெண்களுக்கெல்லாம் தலைவி; விமானத்தில் எல்லோரும் 'சீனியர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பறப்பதைத் தவிர அவளுக்கு வேறு வேலை தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது.

அதனால் மறைத்தாள். மறைத்துக்கொண்டே உடம்பைத் தேற்றினாள். எந்த ஊரில் இறங்கினாலும், எந்த ஓட்டலில் அறை கொடுத்தாலும், கதவிடுக்கில் ரப்பர் பட்டையை மாட்டி இழுத்தாள்.

விமானத்தில் அவள் இடது கையால் பெட்டி தூக்குவதைப் பத்துப் பேர் பார்த்திருக்கலாம். அவர்களில் ஒருவர் சொல்லியிருந்தால் 'பெட்டி தூக்க முடியலையாமே' என்றுதான் மேனேஜர் கேட்டிருப்பார். அவர் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். அவள் தூங்குவதைப் பார்த்தவர் யார்?

இந்த வீட்டில் அவளைத் தவிர இரண்டு பேர். ஒருவன் கதவுக்கு வெளியே டீயுடன் நிற்கிறான். இன்னொருத்தி அவனுடைய தங்கை.

தாழை நீக்கினாள். டீயை வாங்கிக்கொண்டாள். அவன் வேலைக்குப் போகும் சட்டையில் இல்லை.

"வேலைக்குப் போகலையா?"

"லீவு."

"எனக்காகவா? மெடிக்கலுக்கு நானே போயிக்குவேன்."

"இல்லை, வண்டியில கொண்டுபோய் விடுறேன்."

"நேத்து சாயங்காலம்தானே எனக்கே தெரியும். அதுக்கப்புறம் உங்க ஆபீஸ்ல லீவு கொடுத்தாங்களா?"

அவன் காலி டம்ளரை வாங்கக் கையை நீட்டினான். டம்ளர் காலியாகவில்லை. கையை மடக்கிக்கொண்டான்.

"போன வாரமே கேட்டுட்டேன்."

"எதுக்கு?"

"ஒரு வேலை இருந்துச்சு."

போன வாரமே இன்றைய தேதிக்கு லீவு. அவள் தரைக்கு இறங்கிவிட்டால் நல்லது என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவன் அவன். 'வீட்ல ஒரு ஆள் வர்ற நேரம் இன்னொரு ஆள் போற நேரம், இது குடும்பமா பஸ் ஸ்டாண்டா' என்று கேட்பவன். சிரித்துக்கொண்டுதான் கேட்பான். சிரிப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று இவ்வளவு நாள் அவள் தோண்டிப் பார்த்ததில்லை.

டீ ஆறித்தான் போயிருந்தது.

வாசலில் பெட்டிச் சக்கரங்கள் உருளும் சத்தம். நாத்தனார் இரவு விமானம் முடிந்து வந்துவிட்டாள். அதே கம்பெனி. சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை பக்கத்து ஊர்களுக்குப் போய்த் திரும்பும் சின்ன விமானங்கள்தான். நீண்ட தூர விமானத்துக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

உள்ளே வந்தவள் ஷூவைக் கழற்றிவிட்டு, இறுக்கமான நீளக் காலுறையை உருட்டி இறக்கினாள். கணுக்காலில் வரி வரியாகத் தடம். அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் எங்கேயோ ஆரம்பித்தாள்.

"அண்ணி, நாளைக்கு உங்க ஃபிளைட்ல என்னைப் போட்டிருக்காங்க. ஆள் குறையுதாம்."

"ஏன் குறையுதுன்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க." குரல் இறங்கியது. "உங்களால அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியலைங்கிற வரைக்கும் அங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு."

"சந்தோஷமா?"

"என்ன அண்ணி இப்படிக் கேக்குறீங்க. பயமாத்தான் இருக்கு. அவ்வளவு தூரம் நான் போனதே இல்லை. மேல ஏறிப் படுக்கிற இடம் குகை மாதிரி இருக்குமாமே. பக்கத்துல படுத்திருக்கிறவங்க மூச்சுகூடக் கேக்குமாம். அதுல எப்படித் தூக்கம் வரும்?"

அண்ணிக்கு அது கேள்வியாகக் கேட்கவில்லை. கிடைத்ததை எண்ணிப் பார்க்கும் பேச்சாகக் கேட்டது.

"நீ ஒரு நாள் எனக்குத் தைலம் தேய்ச்சு விட்டியே. எந்தத் தோள்ல?"

"வலதுல. ஏன்?"

"அதை வெளிய யார்கிட்ட சொன்னே?"

நாத்தனார் காலுறையைக் கையில் சுருட்டியபடி அப்படியே நின்றாள்.

"ஓ. நான்தான் போட்டுக் கொடுத்தேன். உங்க சீட்டுக்கு ஆசைப்பட்டு. அப்படித்தானே?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"சொல்றேன். நீங்க எந்தப் பக்கம் படுக்குறீங்க, எப்படி உருள்றீங்க, இதெல்லாம் நான் எங்க பார்த்தேன்? இந்த வீட்ல நாம மூணு பேரும் சேர்ந்தாப்புல தூங்கின நாளே கிடையாது. நீங்க வந்தா நான் போயிருப்பேன். நான் வந்தா அண்ணன் கிளம்பியிருப்பார். உங்க ரூமுக்குள்ள நான் வந்து எவ்வளவு நாளாச்சு? தைலம் தேய்ச்சதுகூட இந்த ஹால்லதான்."

"வாயைக் குறை," என்றான் அண்ணன்.

"நீ சும்மா இரு அண்ணா. அடுத்தது உன் பக்கம்தான் திரும்பும். அப்போ நானே வேடிக்கை பார்ப்பேன்."

பெட்டியை இழுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். கதவைச் சாத்திய வேகத்தில் சுவரில் இருந்த கடிகாரம் ஆடியது. யாரும் அதை நிறுத்தவில்லை.

காரில் ஏறியதும் அவள் கேட்டுவிட்டாள். அடக்கி வைத்தால் தோளோடு சேர்ந்து தலையும் வலிக்கும்.

"நீங்களா சொன்னீங்க?"

அவன் கியரை மாற்றினான். கோபப்படுவான் என்று நினைத்தாள். படவில்லை.

"மேனேஜர் நம்பர்கூட என்கிட்ட இல்லை."

"இன்னைக்கு எதுக்கு லீவு போட்டீங்க? உண்மையைச் சொல்லுங்க."

"எலும்பு டாக்டர்கிட்ட உனக்கு நேரம் வாங்கியிருந்தேன். இன்னைக்கு நீ வீட்ல இருப்பேன்னு தெரியும். கடைக்குப் போலாம்னு பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போறதா திட்டம்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு வலிக்குதுன்னு நான் உங்ககிட்ட சொன்னதே இல்லையே."

"இடது கையால பல் தேய்க்கிறே. இடது கையால தலை வாருறே. பிராவைப் பின்னாடி மாட்டாம முன்னாடி மாட்டித் திருப்பிக்கிறே. நான் என்ன குருடனா?"

"அப்போ ஏன் கேக்கலை?"

"கேட்டா என்ன சொல்லியிருப்பே?"

"ஒண்ணுமில்லைன்னு."

"அதான்."

சிக்னலில் வண்டி நின்றது. பக்கத்து பஸ்ஸில் ஒருவன் கண்ணாடியில் தலை சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். அவனுக்கு அடுத்த இருக்கையில் இருந்த பெண் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு அது தெரியாது.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

தூக்கம் என்றதும் வீட்டுக் கட்டிலை மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். மாதத்தில் பாதி அவள் தூங்குவது வீட்டிலேயே இல்லை. பயணிகளின் தலைக்கு மேலே, விமானத்தின் கூரைக்கு அடியில், ஒரு குறுகலான ஏணி வழியாக ஏறிப் போனால் படுக்கைகள். நிமிர்ந்து உட்கார முடியாது. இரண்டு படுக்கைக்கு நடுவில் ஒரு திரை, அதுவும் பாதிதான் மூடும். முறை வைத்து ஏறிப் படுப்பார்கள். அங்கே அவள் இடது பக்கம் ஒருக்களித்து, வலது கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டுதான் படுப்பாள்.

பல வருடப் பழக்கம். சீருடையை மாட்டிவிட்டால் எல்லாம் வேலை. தூங்குவதும் வேலையில் ஒரு பகுதி. அது தூக்கம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

இந்த ஆறு மாதமாக அடுத்த படுக்கையில் இருப்பது ஒரே ஆள்தான். அந்த ஆளே கேட்டு வாங்கிக்கொண்ட இடம் அது. 'ராத்திரி வலிச்சா எழுப்பு, தேய்ச்சு விடுறேன்' என்று சொன்னவள்.

ஸ்பிரிங்.

பட்டப்பெயர். அவளோடு ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவள். நின்ற இடத்தில் நிற்க மாட்டாள். காபி கொதிக்கும் நேரத்தில்கூடக் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருப்பாள். தோள் போன அன்றைக்கு முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். ரப்பர் பட்டை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

ஓட்டலில் உடம்பைக் காப்பாற்றும் வித்தை முழுக்க அவளிடம் கற்றது. ஜிம்முக்குப் போகாதே, பைலட் யாராவது பார்த்துவிடுவார். தீ விபத்துக்கு இறங்கும் படிக்கட்டில் ஏறு, அங்கே ஈ காக்கா வராது. தண்ணீர் பாட்டில் இரண்டு போதும், அதுதான் உனக்கு எடைக்கல். விமானச் சாப்பாட்டில் உப்பு அதிகம், கால் வீங்கும். அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும் டப்பாவில் எடுத்து வா. பகலில் தூங்க வேண்டுமானால் பேன்ட் மாட்டும் ஹேங்கரின் கிளிப்பை எடுத்துத் திரைச்சீலை இரண்டையும் சேர்த்துக் கவ்வ வை, ஒரு கோடு வெளிச்சம்கூட வராது. விழித்ததும் அந்த ஊர் வெயிலில் கொஞ்சம் நட.

ஊர் ஊராக இருவரும் சேர்ந்து நடந்திருக்கிறார்கள்.

"என்ன ஆச்சு?" என்றான் கணவன். "முகம் என்னமோ மாதிரி இருக்கு."

"பச்சை விழுந்தாச்சு. போங்க."

மெடிக்கல் பிரிவு கம்பெனியின் பயிற்சிக் கூடத்துக்குள் இருந்தது. காத்திருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் ஒன்றில் ஸ்பிரிங் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாலும் குதிகால் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

"வந்துட்டியா? தனியா தவிப்பியேன்னு வந்தேன்."

"நான் வர்றது உனக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லலையே."

"ஏன், கம்பெனியே பேசுதே."

நாத்தனாரும் அதைத்தான் சொன்னாள். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அவள் வாயைத் திறப்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். கணவன் ஸ்பிரிங்குக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான். இருவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் முதல் நாள் சிரிப்பது மாதிரி.

கம்பெனி டாக்டர் நடுவயதுப் பெண். நலம் விசாரிக்கும் பழக்கம் இல்லாதவர்.

"சட்டையைக் கழட்டுங்க. கையைப் பக்கவாட்டுல தூக்குங்க. இன்னும். வலிக்குதா?"

"இல்லை டாக்டர்."

"புருவம் வலிக்குதுங்குது. பின்னாடி கொண்டு போங்க. இப்போ என் கையை இழுங்க."

இழுத்தாள். டாக்டர் ஒரு அடி முன்னால் வந்துவிட்டார். அவர் முகத்தில் முதல்முறையாக ஏதோ அசைந்தது.

"அடேங்கப்பா. யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"சும்மா, ஓட்டல்ல இருக்கும்போது பண்றது."

"முதுகுப் பக்கம் இரும்பு மாதிரி வச்சிருக்கீங்க. பாதிப் பேர் இதைப் பண்றதில்லை. பறக்கிற வேலைன்னு பேரு, இறங்கினதும் கட்டில்ல விழுந்து சீரியல் பார்ப்பாங்க." அவர் எழுந்தார். "வாங்க. கதவுக்குப் போவோம்."

கூடத்தின் நடுவில் ஒரு விமானக் கதவு நின்றது. விமானம் இல்லை, கதவு மட்டும். சுற்றிலும் கொஞ்சம் சுவர். ஒவ்வொரு வருடமும் எல்லோரும் இங்கே வந்து அதைத் திறந்து காட்ட வேண்டும். ஆபத்தில் இறங்கும்போது திறக்கிற மாதிரியே கனமாக இருக்கும்படி உள்ளே ஏதோ செய்து வைத்திருந்தார்கள். போன வருடம் அவள் ஒரே மூச்சில் திறந்தாள்.

கைப்பிடியைப் பிடித்து மேலே திருப்பினாள். திரும்பியது. இழுப்பு வேலை, அது அவளுக்குப் பழக்கம். பிறகு வெளிப்பக்கம் தள்ள வேண்டும். இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். கதவு நகர்ந்தது. பாதிக்கு வந்தது. அங்கே வலது தோளுக்குள் யாரோ ஊசியை ஏற்றினார்கள். கை மடங்கியது. கதவு நின்றுவிட்டது.

இடது தோளைக் கொடுத்து முட்டினாள். கொஞ்சம் நகர்ந்தது. மறுபடி நின்றது.

கூடத்தில் வேறு யாரும் இல்லை. நிஜத்தில் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு கூட்டமே நிற்கும். புகையில் இருமிக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அவள் கதவைத் திறப்பாள் என்று நம்பிக்கொண்டு.

"போதும்," என்றார் டாக்டர்.

"இன்னொரு தடவை டாக்டர்."

"நிஜத்துல இன்னொரு தடவை கிடையாது." அவர் கதவில் சாய்ந்துகொண்டார். "எல்லாம் இழுக்கிற பயிற்சியாவே பண்ணியிருக்கீங்க. தள்ளுறதே இல்லையா? சுவர்ல கையை ஊன்றி மெதுவா தள்ளினாலே போதுமே. ஆறு மாசத்துல இந்தத் தோள் தேறியிருக்கும். யார் வேண்டாம்னு சொன்னது?"

அவளுக்குக் காதுக்குள் குரல் கேட்டது. எந்த ஊர் ஓட்டல் என்று நினைவில்லை. கட்டிலில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டே சொன்ன குரல். 'தள்ளுறதை மட்டும் தொடாதே. தோள் மொத்தமா போயிடும்.'

"யாரும் சொல்லலை," என்றாள்.

"மூணு வாரம் பறக்க வேண்டாம். தள்ளிப் பழகுங்க, நான் ஆள் காட்டுறேன். மூணு வாரம் கழிச்சு இதே கதவு. முழுசா திறந்தா மேல போங்க. திறக்கலைன்னா தரை. அதுல நான் இரக்கம் பார்க்க மாட்டேன்."

வெளியே வந்தபோது கணவனைக் காணோம். வண்டியைக் கொண்டுவரப் போயிருந்தான். ஸ்பிரிங் எழுந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"மூணு வாரம்."

"நல்லதுதான்."

"யாருக்கு?"

ஸ்பிரிங்கின் குதிகால் தரையில் நின்றது. இத்தனை வருடத்தில் அது நின்று அவள் பார்த்தது குறைவு.

"நீதானே சொன்னே?"

"ஆமா."

மழுப்புவாள் என்று எதிர்பார்த்து, அதற்குத் தயாராகச் சேர்த்து வைத்திருந்த சொற்களெல்லாம் வீணாகப் போயின.

"எதுக்கு?"

"போன தடவை இறங்கும்போது எதிரெதிர் சீட்ல பெல்ட் போட்டு உக்காந்தோம். நீ உன் வலது கையை இடது கையால தூக்கி மடியில வச்சே. வேற யாரோ கையை எடுத்து வைக்கிற மாதிரி. உன் பக்கத்துக் கதவு உன்னோடது. அது திறக்கலைன்னா அவ்வளவு பேரும் என் கதவுக்குத்தான் வருவாங்க. என்னால முடியாது."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா இன்னும் நல்லா மறைச்சிருப்பே. மறைக்கிறதுக்கு உனக்கு வழி சொன்னதே நான்தானே."

அது சரிதான். சற்று முன் பாதியில் நின்ற கதவு அதைச் சரி என்றுதான் சொன்னது. இத்தோடு விட்டிருந்தால் அவள் ஸ்பிரிங்கைக் கட்டிக்கொண்டுகூட அழுதிருப்பாள். ஒன்று மட்டும் உறுத்தியது.

"தள்ளுற பயிற்சி வேண்டாம்னு ஏன் சொன்னே?"

"தோள் போயிடும்னுதான்."

"சுவர்ல கை ஊன்றித் தள்ளினா தேறியிருக்கும்னு டாக்டர் சொல்றாங்க. இவ்வளவு தெரிஞ்ச உனக்கு அது தெரியாதா?"

ஸ்பிரிங் கைப்பையின் பட்டையைத் தோளில் ஏற்றினாள். நழுவியது. மறுபடி ஏற்றினாள்.

"கொஞ்சம் தேறியிருந்தா நீ டாக்டர் பக்கம் தலை வச்சுப் படுத்திருப்பியா?"

அந்தக் கேள்வியை அவள் இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தாள். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் சினேகிதி பேசுகிற மாதிரி இருந்தது. இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தால், அவள் தேறிவிடக் கூடாது என்று ஆறு மாதம் பொறுமையாக உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றவள் பேசுகிற மாதிரி இருந்தது.

"நாளைக்கு அந்த ஃபிளைட்டுக்கு யாரு சீனியர்?"

"தெரியலை. இன்னும் போடலை போல." ஸ்பிரிங் அவள் இடது தோளைத் தட்டினாள். பார்த்துத்தான் தட்டினாள். "உடம்பைப் பாத்துக்க. வந்து பேசுறேன்."

போனாள். நடையில் துள்ளல் இல்லை.

போன் அடித்தது. நாத்தனார். எடுத்ததும் மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"அண்ணி, என்ன சொன்னாங்க?"

"மூணு வாரம் லீவு. காலையில நான் பேசினது தப்பு. நீ இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு."

"சரி விடுங்க. நானும் கதவை அறைஞ்சு கடிகாரத்தைக் கீழ தள்ளப் பாத்தேன்." கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணு சொல்லணும். காலையிலேயே சொல்ல வந்தேன், நீங்க பேசின பேச்சுல சொல்லலை. நாளைக்கு சீனியர் ஸ்பிரிங் அக்காதான்."

"அவ தெரியலைங்கிறா."

"தெரியலையா? போன வாரமே முடிவாயிடுச்சாமே. அவங்களே மேனேஜர்கிட்ட கேட்டு வாங்கினாங்களாம். டியூட்டி போடுற பையன் என்கிட்ட நேராவே சொன்னான். என்னையும் அவங்கதான் கேட்டாங்களாம். படுக்கைகூட அவங்க பக்கத்துலதான். புதுசு, பயப்படும், நான் பாத்துக்கிறேன்னு சொன்னாங்களாம்."

அவள் வராந்தாவின் கோடியைப் பார்த்தாள். ஸ்பிரிங் படியில் இறங்கிவிட்டிருந்தாள்.

"உனக்கு உடம்புக்கு ஏதாவது இருக்கா?"

"எனக்கா? ஒண்ணுமில்லையே."

மறுமுனையில் அந்த 'ஒண்ணுமில்லையே' கொஞ்சம் சீக்கிரமாக வந்தது. அவளே எத்தனையோ தடவை அப்படிச் சொன்னவள்தான்.

"நாளைக்கு மேல ஏறிப் படுத்தா தூங்காதே."

"அண்ணி, அது தூங்குற இடம்."

"தெரியும். அதனாலதான் சொல்றேன். நீ வீட்லயே இரு, நான் வந்ததும் பேசணும்."

வைத்துவிட்டாள். கட்டடத்தின் வாசலில் கனமான கண்ணாடிக் கதவு. வெளியே கணவன் வண்டியை நிறுத்திவிட்டு, அவளைப் பார்த்ததும் ஓடி வந்து கைப்பிடியில் கை வைத்தான்.

"விடுங்க," என்றாள் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து. அவனுக்குக் கேட்கவில்லை. தலையை ஆட்டிக் காட்டினாள். அவன் கையை எடுத்தான்.

வலது உள்ளங்கையைக் கண்ணாடியில் பதித்தாள். மெதுவாகத் தள்ளினாள். வலி வந்தது. நிறுத்தி, மூச்சை விட்டு, மறுபடி தள்ளினாள். கதவு விரல் அகலம் திறந்தது. அவளுக்குப் பின்னால் சீருடையில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருத்தி தொண்டையைச் செருமினாள்.

"கொஞ்சம் நேரம் ஆகும்," என்று அவள் திரும்பாமலே சொன்னாள். "அவசரம்னா அந்தப் பக்கக் கதவுல போங்க."